பத்தாவது ஜோடி

என் டைரிகளில் அடித்தல் திருத்தல் குறைவு. பதினேழு வயதில் ஆரம்பித்த பழக்கம். ஒரு நாளுக்கு ஒரு பக்கம், நேரத்தோடு, எண்ணிக்கையோடு. சித்தூரில் எழுதியவை ஒரு தகரப் பெட்டியிலும், திருப்பதிக்கு வந்தபின் எழுதியவை பீரோவின் கீழ்த்தட்டிலும் இருக்கின்றன. கீழ்த்தட்டு நோட்டு ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில், ‘9 ஜோடி’ என்று எழுதி, அந்த ஒன்பதை அடித்துப் பத்தாக்கியிருக்கிறேன். அந்தத் திருத்தத்தைச் செய்ய வைத்தவர் மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் வேலை செய்த ஒரு அம்மா. இத்தனை வருடத்தில் அவருக்கு நான் நாலு பேர் அறிய நன்றி சொன்னதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அழகிப் போட்டிகள் நடத்துவதும், அவற்றுக்குப் பெண்களைத் தயார் செய்வதும் என் தொழில். நான் கல்லூரியில் படித்தபோது எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு தொழில் கிடையாது. படிப்பு முடிந்ததும் சித்தூரில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இரண்டு நாற்காலி போட்டு பியூட்டி பார்லர் வைத்தேன். புருவம் திருத்துவது, மணப்பெண் அலங்காரம், அவ்வளவுதான். பிறகு வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்தது. நம் நாட்டுப் பெண்கள் வெளிநாட்டு மேடைகளில் கிரீடம் வைத்துக்கொண்டு கையசைத்ததை எல்லோரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு, புருவம் திருத்த வந்த அம்மாக்கள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, “எம்பொண்ணும் நல்ல உயரந்தான். அந்த நடையெல்லாம் இவளுக்குச் சொல்லித்தர முடியுமா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

முடியும் என்று சொன்னேன். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவள், நிமிர்ந்து நிற்பதும் அடி பிசகாமல் நடப்பதும் தெரியும். மற்றதை மெட்ராஸில் ஆறு வாரம் தங்கிக் கற்றுக்கொண்டேன். கணவருக்குத் திருப்பதிக்கு மாற்றலானதும் பார்லரை விட்டுவிட்டு, வாடகை வீட்டின் மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்கினேன். தரையில் சாக்பீஸால் ஒரு நேர்கோடு, அது முடியும் இடத்தில் திரும்புவதற்கு ஒரு வட்டம். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நோட்டு. கீழே குடியிருந்த வீட்டுக்காரர், நகரிப் பக்கத்துக்காரர், முதல் மாதமே படியேறி வந்துவிட்டார்.

“ஏம்மா, மேல குதிர கிதிர கட்டிக்கினு இருக்கியா? டக்கு டக்குன்னு தல மேலயே நடக்குதே.”

“குதிர இல்ல சார். பொண்ணுங்க.”

“எத்தினி?”

“ஒம்போது.”

அவர் ஹீல்ஸை ஒரு முறை பார்த்தார். “ஒம்போதுக்கும் லாடம் அடிச்சாச்சா?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். காலி செய்யச் சொல்லவில்லை. அவருக்கும் என் நன்றி உண்டு.

அந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் திருப்பதியிலேயே இருந்தவர்கள். ஒன்பதாவது பெண் குடிபாலா பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து வந்தாள். சித்தூரில் டிகிரி கடைசி வருடம். அப்பா விவசாயக் கூலி; அண்மையில்தான் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வந்திருந்தது. அம்மா மாம்பழ சீசனில் சித்தூரில் கூழ் ஃபாக்டரிக்குப் போவார். ஞாயிறு காலை அம்மாவும் பெண்ணும் இரண்டு பஸ் மாறி, பத்தேகாலுக்குள் என் மாடிக்கு வந்துவிடுவார்கள். ஒரு நாளும் தாமதம் இல்லை. அம்மா தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றுக்கும் ஒரு கருத்துச் சொல்வார்.

“எம்பொண்ணு பதினோரு மாசத்துலயே நடந்துட்டா, டீச்சரம்மா. நீ இன்னாத்த புதுசா கத்துக்குடுக்கற?”

“இது வேற நடை அக்கா.”

“நடையில இன்னா வேற? போவணும், வரணும்.” பிறகு மற்ற பெண்களைக் கண்ணால் அளந்து, “மொதல்ல இதுங்கள நல்லா துன்ன சொல்லு. காத்தடிச்சா பறந்துடும் போலக் கீதுங்க” என்பார்.

அவர்களுக்கு வேண்டியது என்ன என்பதை முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். நான் நடத்தவிருந்த முதல் பெரிய போட்டி அது. ஊரிலுள்ள ஒரு ஜவுளிக்கடை கிரீடம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. பெங்களூரில் ஹோட்டல், விமான நிலைய வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஒரு நிறுவனம் ஒரு சீட் தருவதாகச் சொல்லியிருந்தது: ஒரு வருடப் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு, எல்லாம் இலவசம். கிரீடம் மொத்த மதிப்பெண்ணுக்கு. சீட் மட்டும் நடைச் சுற்றில் முதலாக வரும் பெண்ணுக்கு. நாள் முழுக்கக் காலில் நிற்கிற வேலை என்பதால் அவர்கள் அப்படிக் கேட்டிருந்தார்கள்.

“கிரீடத்த வெச்சிக்கினு நாங்க இன்னா பண்றது?” என்றார் அம்மா. “அந்த சீட்ட வாங்கிக்குடு, போதும். இல்லன்னா போட்டி முடிஞ்ச மறுமாசமே சீசன் ஆரம்பிச்சிடுது. எங்கூட ஃபாக்டரிக்கு வரட்டும். மேஸ்திரி பேரு எழுதிக்கினான்.”

“நைனாவும் அதான் சொல்லிட்டாரு மேடம்,” என்றாள் பெண், அப்பாவைச் சொல்லி. “ஒரு தடவ பாரு, கெடைக்கலன்னா கத்திய எடுன்னு.”

கத்தி என்றால் மாம்பழம் சீவும் கத்தி. போன சீசனில் அவளும் நாற்பது நாள் போயிருந்தாள். இடது கை ஆள்காட்டி விரலில் தழும்பு இருந்தது. அந்த நாற்பது நாள் வேறொன்றையும் கொடுத்திருந்தது. சாறும் தோலும் கொட்டிக்கிடக்கும் ஈரத் தரையில் நாள் முழுக்க நின்று பழகிய கால் அது. முதல் நாள் ஹீல்ஸ் போட்டபோது மற்ற எட்டுப் பேரும் சுவரைப் பிடித்தார்கள், இவள் பிடிக்கவில்லை. அவளுடைய நோட்டில் எழுதினேன்: ‘உடம்பின் எடையை எங்கே வைக்க வேண்டும் என்று இவளுக்குத் தெரிகிறது. ஆங்கிலம் போதாது. கேள்விக்குப் பதில் சொல்லும்போது குரல் இறங்கிவிடுகிறது. நடையில் இவளுக்குச் சமம் இல்லை.’ ஆக, அவளுக்கு இருந்தது ஒரே ஒரு சுற்று. அவளுக்குத் தேவைப்பட்டதும் அந்த ஒரு சுற்றுதான்.

பதிமூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தார்கள். போட்டிக்கு நான் போட்ட பட்டியலில் நாற்பத்தோரு அயிட்டங்கள். மண்டபம், மைக், டேப் ரெக்கார்டர், நடுவர்களுக்குக் காப்பி, ஊசி, பின், நூல். மூன்று அங்குல ஹீல்ஸ் போட்டு நிற்க வைத்து, தரையிலிருந்து அரை அங்குலம் மேலே முடியும்படி ஒன்பது கவுன்களுக்கும் விளிம்பு அடித்திருந்தோம். நடுவர்களுக்கான தாளில் பத்து விதிகள். ஏழாவது விதி: மூன்று அங்குல ஹீல்ஸ் அணியாதவருக்கு நடைச் சுற்றில் மதிப்பெண் கிடையாது. எழுதியது நான்தான். யாராவது பயந்துகொண்டு கடைசி நேரத்தில் தட்டைச் செருப்போடு வந்துவிடக்கூடாது என்று எழுதினேன்.

திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபம் கிடைத்தது. ஏழரை மணிக்கு ஒரு ரிசப்ஷன் கோஷ்டி வருவதால் அதற்குள் காலி செய்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். காலையில் மேடையில் ஒத்திகை பார்த்தோம். ஒன்பது பேரும் ஹீல்ஸோடு ஏறி, நடந்து, திரும்பி, இறங்கினார்கள். ஒரு பிழை இல்லை.

மாலையில் மண்டபத்து ஆட்கள் சுவாமி படத்தைக் கொண்டுவந்து மேடையின் இடது ஓரத்தில் வைத்து மாலை போட்டார்கள். பக்கத்தில் ஐந்து முகப் பித்தளை விளக்கு. எங்கள் ஊரில் எந்த விழாவும் அப்படித்தான் தொடங்கும். என் பட்டியலில்கூட பன்னிரண்டாவது அயிட்டம் விளக்கு, எண்ணெய், திரி, தீப்பெட்டி. ஐந்து முப்பத்திரண்டுக்கு நான் மேடையேறி விளக்கை ஏற்றினேன். பெண்கள் ஒன்பது பேரும் பக்கப் படிக்கட்டின் அடியில் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏற்றிவிட்டு, டேப் ரெக்கார்டரைப் போடுவதற்காக மேடைக்குக் குறுக்கே எதிர்ப்பக்கத் திரைக்குப் பின்னால் போனேன். அங்கிருந்து படிக்கட்டு தெரியாது.

வரவேற்புரைகள் முடிந்ததும் இசை தொடங்கியது. முதல் பெண் மேடைக்கு வந்தாள். ஏதோ குட்டையாகத் தெரிந்தாள். கவுன் தரையில் புரண்டது. அதன் விளிம்புக்குக் கீழே ஒரு நொடி அவளுடைய கால் விரல்களைப் பார்த்தேன்.

இரண்டாவது பெண்ணும் வெறுங்காலோடு வந்தாள். மூன்றாவதும். குடிபாலாப் பெண் ஆறாவது. அவள் கவுனின் முன்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, ஈரத்தைத் தாண்டுகிறவள் போல நடந்து வந்தாள். சபையில் எல்லோரும் கை தட்டினார்கள். அவர்களுக்கு எதுவும் விசித்திரமாகப் படவில்லை. எரிகிற விளக்குக்கு முன்னால் வெறுங்காலோடு நடப்பதில் என்ன விசித்திரம்?

சுற்று முடிந்ததும் நடுவர்களில் ஒருவரான பெங்களூர் நிறுவனத்து அம்மையார் என்னைக் கூப்பிட்டார். அவர் முன்னால் இருந்த தாளில் நடைக்கான கட்டங்கள் ஒன்பதும் காலியாக இருந்தன.

“உங்க ஏழாவது விதி,” என்று விரலை வைத்துக் காட்டினார். “ஒன்பது பேருக்கும் மார்க் இல்லை. அப்படின்னா சீட்டை யாருக்குக் கொடுப்பது? இந்த வருஷம் யாருக்கும் இல்லைன்னு எழுதிடவா?”

“பத்து நிமிஷம் கொடுங்க,” என்றேன்.

படிக்கட்டுக்கு ஓடினேன். கீழ்ப்படிக்குப் பக்கத்தில், சுவரோரமாக, ஹீல்ஸ் ஜோடி ஜோடியாக ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. ஒழுங்காக வைக்கச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். எண்ணினேன். ஒன்பது.

“மூணு மாசம்! பதிமூணு ஞாயித்துக்கெழம!” என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. “எதுக்குக் கழட்டினீங்க? யாரு கழட்டச் சொன்னது?”

குடிபாலாப் பெண் கவுனின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் அழுக்கு ஏறியிருந்தது. கட்டங்கள் காலி என்பதை நான் சொல்லாமலே அவள் புரிந்துகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். ஆள்காட்டி விரலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய அம்மா, கவுன்களுக்குக் குத்தும் சேஃப்டி பின் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார்.

“டீச்சரம்மா, கத்தாத. எத்தினி ஜோடி கீது எண்ணு.”

“எண்ணிட்டேன். ஒம்போது.”

“இன்னொரு வாட்டி எண்ணு. அந்தக் கோடியிலேர்ந்து எண்ணு.”

அந்தக் கோடியில், ஹீல்ஸ் வரிசைக்கு முன்னால், வரிசையே அங்கிருந்துதான் ஆரம்பித்தது என்று சொல்லும்படி, பழுப்பு நிறத் தட்டைச் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. என்னுடையது. குனிந்து என் காலைப் பார்த்தேன். வெறுங்கால். முக்கால் மணி நேரமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“நீ கழட்டிட்டுதான விளக்கேத்த போன,” என்றார். “அதுங்க பாத்துக்கினேதான் இருந்துச்சுங்க. மூணு மாசமா நான் பண்றாப்ல பண்ணு, நான் பண்றாப்ல பண்ணுன்னு சொன்னவ நீதான? பண்ணிச்சுங்க. இப்ப எதுக்குத் திட்ற?”

கழற்றியது எனக்கு நினைவில்லை. இன்றைக்கும் நினைவில்லை. காலைக் கழுவுவது போல, கதவைச் சாத்துவது போல, யோசிக்காமல் செய்திருக்கிறேன். நாற்பத்தோரு அயிட்டங்களில் அது இல்லை.

மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஹீல்ஸைப் போட்டுக்கொண்டு மறுபடி ஏறச் சொன்னேன். ஒன்பது பேரும் மேடையைப் பார்த்தார்கள்.

“விளக்கு எரியுது மேடம்,” என்றாள் முதலில் நடந்த பெண்.

என்னால் வற்புறுத்த முடியவில்லை. நானே ஏறமாட்டேன். விளக்கைக் கீழே கொண்டுபோய் வைக்கலாமா என்று மண்டபத்து வாட்ச்மேனைக் கேட்டேன். “தீபம் கதபகூடது அம்மா,” என்றார் அவர் தெலுங்கில். எரிகிற விளக்கை நகர்த்தக் கூடாது. தானாக அடங்கும்வரை காத்திருக்கலாம் என்றால், ஐந்து முகத்துக்கும் நிறைய எண்ணெய் ஊற்றியிருந்தேன். மணி ஆறு இருபது. ஏழரைக்கு ரிசப்ஷன்.

“மேடை எதுக்கு?” என்றார் குடிபாலா அம்மா. “கீழ நடக்கட்டும். எங்கம்மா ஊடு நாராயணவனம் பக்கம். அங்க சாமி வீதியிலதான் வராரு. ஜனங்க ரெண்டு பக்கமும் நின்னுக்கினு பாக்கறாங்கோ. மேடையிலயா வராரு? கீழ நடந்தா காலு நல்லாத் தெரியும். அந்த பெங்களூரு அம்மாவுக்குக் காலுதான பாக்கணும்?”

நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் கூடத்துக்குள் போய்விட்டார். “எழுந்துக்கோ நைனா. சேர இப்படித் திருப்பு. நீயும்தான், ஒரு வாட்டி சொன்னா போதாதா? கொழந்தைய மடியில வெச்சிக்கோம்மா.” முன்வரிசையில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்த ஜவுளிக்கடை முதலாளிகூட எழுந்து தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு நகர்ந்தார். வாட்ச்மேன் ரிசப்ஷனுக்காகச் சுருட்டி வைத்திருந்த சிவப்புக் கம்பளத்தைத் தானாகவே கொண்டுவந்து விரித்தார்.

நான் மைக்கைப் பிடித்தேன். தெலுங்கில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும் சொன்னேன்: தவறு பெண்களுடையது அல்ல. விளக்கேற்றும்போது நான் செருப்பைக் கழற்றினேன், அவர்கள் என்னைப் பின்பற்றினார்கள். நடைச் சுற்றை மறுபடி நடத்த நடுவர்கள் அனுமதிக்க வேண்டும். சபை சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், “இப்பவாச்சும் போட்டுக்கினியாம்மா?” என்று கேட்டார். அப்போதுதான் இன்னும் போடவில்லை என்று உணர்ந்தேன். பெங்களூர் அம்மையார் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்துகொண்டு நாற்காலியைக் கம்பளத்தின் பக்கம் திருப்பிப் போட்டார். அதுதான் அனுமதி.

என் கைப்பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். கம்பளம் முடியும் இடத்தில் ஒரு வட்டம் போட்டேன். அடி வைத்து அளந்தேன்; நாற்பத்திரண்டு அடி நீளம். எங்கள் மாடிக் கோட்டைவிடப் பன்னிரண்டு அடி கூடுதல். இரண்டு பக்கமும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஆட்கள். மேடை என்றால் பார்க்கிறவர்கள் இருட்டில் இருப்பார்கள். இங்கே ஒவ்வொரு முகமும் தெரியும். முதல் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மூன்றாவது பெண் வட்டத்தைத் தாண்டிப் போய்த் திரும்பினாள். ஐந்தாவது பெண்ணுக்குக் கம்பளத்தின் நடுவில் இருந்த ஒரு மடிப்பு தடுக்கியது. விழவில்லை, ஆனால் கை நாற்காலியைத் தேடியது.

ஆறாவது அவள். மடிப்பு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், குனிந்து பார்க்கவில்லை. அந்த இடத்தில் காலடியை ஒரு மயிரிழை நீட்டிப் போட்டுத் தாண்டி வந்தாள். கவுன் தரைக்கு அரை அங்குலம் மேலே அசைந்தது. வட்டத்தின் நடுவில் நின்றாள், திரும்பினாள், இரண்டு பக்கமும் இருந்தவர்களை, ஃபாக்டரிக்குப் போகிற வழியில் தெரிந்தவர்களைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு திரும்பிப் போனாள். என் கைக்கடிகாரத்தில் முப்பத்தெட்டு வினாடி. அவள் கடந்துபோனபின் பெங்களூர் அம்மையார் உடனே எழுதினார். மற்றவர்களுக்கு யோசித்துத்தான் எழுதினார்.

அவளுடைய அம்மா பார்க்கவில்லை. கடைசி வரிசையில் குறுக்கே ஓடப்பார்த்த ஒரு குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு முதுகைத் திருப்பி நின்றிருந்தார்.

“ஆயிடுச்சா?” என்றார்.

“ஆயிடுச்சு அக்கா.”

“உழுந்துட்டாளா?”

“இல்ல.”

“அப்ப திரும்பிக்கறேன்,” என்றார்.

நடையில் அவளுக்கு ஐம்பதுக்கு நாற்பத்தாறு. இரண்டாவதாக வந்தவளுக்கு நாற்பத்தொன்று. கேள்விச் சுற்றில் நான் பயந்தபடியே குரல் இறங்கியது. மொத்தத்தில் ஐந்தாவதாக வந்தாள். கிரீடம் ஒரு திருப்பதிப் பெண்ணுக்குப் போனது. “அந்தப் பொண்ணுக்கு அது நல்லாத்தான் கீது,” என்றார் அம்மா பெருந்தன்மையாக. சீட்டுக்கான கடிதத்தை வாங்கி, மகளிடம் கொடுக்காமல், தன் பின் டப்பாவுக்குள் மடித்து வைத்துக்கொண்டார். ஏழு பத்துக்கு மண்டபத்தைக் காலி செய்தோம். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

பெங்களூரிலிருந்து அவள் எழுதிய முதல் கடிதம் அந்த வருட டைரியில் ஒட்டியிருக்கிறது. ‘நாள் பூரா நிக்கறோம் மேடம். ஃபாக்டரி மாதிரியேதான். தரை மட்டும் காஞ்சிருக்குது.’ படிப்பு முடிந்து அங்கேயே ஒரு ஹோட்டலில் வரவேற்பில் சேர்ந்தாள். நாலு வருடம் கழித்து மஸ்கட் போனாள். இப்போது அங்கே ஒரு ஹோட்டலின் வரவேற்புப் பகுதி முழுவதும் அவள் பொறுப்பு. அவளுக்குப் பிறகு என் மாடியிலிருந்து பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் வளைகுடாவுக்கும் போனவர்களின் பட்டியல் தனி நோட்டில் இருக்கிறது. அதில் கிரீடம் வாங்கியவர்களைவிட வாங்காதவர்களே அதிகம்.

அந்த வருடத்திலிருந்து என் போட்டிகள் எல்லாமே அப்படித்தான். விளக்கு மேடையில், பெண்கள் கீழே, சபைக்கு நடுவில். ஹைதராபாத்திலிருந்து வந்த ஒரு பெரிய போட்டியின் இயக்குநர், “சபையைப் பிளந்துகொண்டு நடக்கவிடுகிற இந்த யோசனை பிரமாதம், எங்கே கற்றீர்கள்?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். நான் புன்னகை செய்தேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வேறு ஊர்களிலும் அதை என் பாணி என்று சொல்லக் கேட்டேன். அப்போதும் சொல்லவில்லை. டைரியில் மட்டும் ஒழுங்காக எழுதிவைத்தேன். டைரியை யாரும் படிப்பதில்லை என்பதால் அது போதாது.

அந்த அம்மா, அழைத்தாலும் அழைக்காவிட்டாலும், ஒவ்வொரு வருடமும் போட்டியன்று இரண்டு பஸ் மாறி வந்துவிடுவார். நாற்காலி நகர்த்துவது அவர் வேலை. வேறு யார் செய்தாலும் அகலம் சரியில்லை என்பார். போன வருடம் முழங்கால் வலியால் வரமுடியவில்லை. போட்டி தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஃபோன் செய்தார்.

“டீச்சரம்மா, விளக்கேத்திட்டியா?”

“இப்பதான் அக்கா.”

“செருப்பு?”

குனிந்து பார்த்தேன். “கழட்டியிருக்கேன்.”

“பொண்ணுங்க?”

“போட்டுக்கினு கீழ நிக்கறாங்க.”

“செரி,” என்றார். “மடிப்பு இருக்குதா பாத்துக்கோ.”

ஃபோனை வைத்துவிட்டுக் கம்பளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெறுங்காலோடு நடந்து பார்த்தேன். ஒரு இடத்தில் இருந்தது. காலால் தேய்த்துச் சரிசெய்தேன்.